பறவைக்கும் மீனுக்கும் ஒரே நீர்: சலீம் அலியின் வாழ்க்கை சொல்லும் பாடம்

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பேராக் மாநிலத்தில் ஏராளம். அந்த நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கரை மேற்காகத் திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. அங்குள்ள சதுப்பு நிலத்தின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், இந்தியாவின் பறவை மனிதர் என்று போற்றப்பட்ட சலீம் அலி. மாத்தாங் காட்டையும் கோலா கூலாவையும் பக்கத்திலேயே வைத்திருக்கும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அங்கு வரிசையாக வைத்திருந்த பறவைச் சேகரிப்பு அவருடைய வாழ்க்கையையே மாற்றியது.

குடும்பத் தொழிலுக்காகப் பர்மா சென்ற இடத்திலும் அவர் கவனம் பறவைகள் மீதே இருந்தது. உரிய பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. பெர்லின் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, பார்த்துக்கொண்டிருந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் குடியிருந்து, தூக்கணாங்குருவிகளைக் கவனித்து அவர் எழுதிய ஆய்வு பெயர் வாங்கித் தந்தது. உடன் உழைத்த மனைவி தெஹ்மினா 1939-இல் காலமானார். 1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வீடுதோறும் புகழ் சேர்த்தது.

1962-இல் கோடியக்கரையின் முக்கியத்துவத்தை அவர் எடுத்துரைத்தார். பூநாரைகளும் உள்ளான்களும் தொலைதூரத்திலிருந்து வந்து இரை தேடும் அந்த இடம் 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அவர் நினைத்ததெல்லாம் சரியாகவே அமைந்துவிடவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலையில் எருமை மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கருத்தாக இருந்தது. 1982-இல் தடை வந்தது. அதை எதிர்த்த கிராமத்தினர் சிலர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர். எருமைகள் போனதும் ஒரு வகை நீர்ப்புல் பெருகி நீர்ப்பரப்பை மூடியது. மீன்களுக்கும் பறவைகளுக்கும் இடம் சுருங்கியது. இதை வெளிப்படுத்தியது வேறு யாருமல்ல, சலீம் அலி சார்ந்த சங்கத்தின் நீண்ட கால ஆய்வுதான். வேலி போடுவதால் மட்டும் பறவை வந்துவிடாது. நீரின் இயல்பும், அதைச் சுற்றி வாழும் மனிதர்களின் பிழைப்பும் சேர்ந்ததே சதுப்பு நிலம் என்பது அப்போது தெளிவானது.

சலீம் அலி 1987-இல் தமது 90-ஆவது வயதில் மறைந்தார். அதற்குப் பின், கோடியக்கரைக்கு மேற்கே முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டை மீட்கும் வேலை தொடங்கியது. முற்காலத்தில் அங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெயிலில் காய்ந்த சேற்று மண் தாழ்ந்துபோனது. உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறியது. எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். அலைநீர் வந்து போனதும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. இப்படிப்பட்ட வாய்க்கால்களில்தான் மீன் குஞ்சும் இறாலும் புகுந்து வளர்கின்றன. அவற்றைத் தேடி நாரையும் கொக்கும் வருகின்றன.

நம் மாத்தாங் காடு 40,000 ஹெக்டருக்கும் அதிகமானது. நூறாண்டுக்கு மேலாக அரசுப் பராமரிப்பில் உள்ளது. கோலா செபெத்தாங் கரிச் சூளைகளுக்கு மரம் வெட்டினாலும், வெட்டிய இடம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வளர விடப்படுகிறது. தானாக முளைக்காத இடத்தில் கன்று நடப்படுகிறது. அலை வந்து போகும் வழி அடைபடாததால் காடு மீண்டும் எழுகிறது. மீனவர்களுக்கு மீனும் கெராங்கும் கிடைப்பதும், கோலா கூலாவுக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வருவதும் அந்தச் சேற்றின் கொடைதான்.

கிரியான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கு அந்தக் கரை பழக்கமான இடம். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். ஒரு பறவையின் பெயரைக் கேட்டுப் போன சிறுவன்தான் பின்னாளில் சலீம் அலி ஆனார்.