விலகும் காலம் அறிந்த வீரர்

ஒரு செயலைத் தொடங்குதற்குத் துணிவு வேண்டும். அதனைத் தொடர்ந்து ஆற்றுதற்கு ஊக்கம் வேண்டும். வெற்றியின் உச்சியில் நிற்கும்போது அதனை விட்டுத் தாமே இறங்கிவருதற்கோ இவ்விரண்டினும் மேலான அறிவுடைமை வேண்டும். ஊரார் புகழும்போது, இதுவே நாம் நிறுத்தவேண்டிய இடம் என உணர்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் மோட்டார்ப் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்ற ஹுவான் மானுவேல் பாஞ்சியோ ஆவார்.

இளமையும் தொழிலும்

தென்னமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் புவனோஸ் அயர்ஸ் மாநிலத்தில் பல்கார்சே என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் நாள் பாஞ்சியோ பிறந்தார். அவர்தம் பெற்றோர் பிழைப்பு நாடி இத்தாலியிலிருந்து அங்குக் குடியேறியவர்கள். தந்தையார் கட்டடத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார். மக்கள் அறுவருள் பாஞ்சியோ நான்காமவர்.

குடும்பத்தின் எளிய நிலையால் அவருடைய பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. சிறுவராக இருந்தபோதே மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பூட்டக் கற்றார். அதன் ஓசையைக் கேட்டே உள்ளிருக்கும் குறையை உணரவும் பழகினார். பின்னாளில் ஏனையோர் வண்டிகள் இடைவழியில் நின்றபோதும் இவர் வண்டி எல்லைக்கோட்டை அடைந்தமைக்குப் பட்டறையில் பெற்ற இவ்வறிவே பெருந்துணையாயிற்று.

நெடுவழிப் பந்தயங்கள்

அக்காலத்து அர்ஜென்டினாவில் பந்தயங்கள் புழுதி படிந்த நாட்டுச் சாலைகளிலேயே நடைபெற்றன. 1936ஆம் ஆண்டு, வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த போர்டு வண்டி ஒன்றை ஓட்டிப் பாஞ்சியோ பந்தயத்துறையில் புகுந்தார். 1940ஆம் ஆண்டு புவனோஸ் அயர்ஸிலிருந்து பெரு நாட்டின் தலைநகரான லிமா வரை சென்று மீளும் பெரும் பந்தயம் ஒன்று நடந்தது. ஆண்டிஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களையும் பாலை நிலங்களையும் கடந்து ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர் செல்லவேண்டிய அப்பந்தயத்தில் செவ்ரலே வண்டி ஓட்டி அவர் வென்றார். 1940, 1941 ஆகிய ஈராண்டுகளிலும் நாட்டின் முதல்வராகத் திகழ்ந்தார்.

அதன்பின் உலகப் போர் பந்தயங்களை நிறுத்தியது. ஒரு வீரரின் வாழ்வில் வலிமை மிக்க ஆண்டுகள் எனப்படுபவை அவருக்கு இவ்வாறே கழிந்தன. 1948ஆம் ஆண்டு ஜூலையில் அவர் முதன்முதலாக ஐரோப்பாவில் பந்தயம் ஓட்டினார். பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகரத்தின் அருகே நடந்த அப்பந்தயத்தை அவர் முடிக்க இயலவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் தென்னமெரிக்க நெடுவழிப் பந்தயத்தில் அவர் வண்டி பெரு நாட்டில் கவிழ்ந்தது. உடன்சென்ற நண்பர் டேனியல் உருத்தியா உயிர்துறந்தார். அத்துயரம் பாஞ்சியோவின் உள்ளத்தை நெடுநாள் வருத்தியது.

ஐரோப்பாவில் பெற்ற ஏற்றம்

1949ஆம் ஆண்டு தம் 38ஆம் வயதில் அவர் மீண்டும் ஐரோப்பாவிற்குச் சென்றார். பலர் இத்துறையை விட்டு நீங்கும் வயதில் இவர் புகழ் தொடங்கிற்று. உலக முதன்மைப் போட்டி 1950ஆம் ஆண்டு ஏற்பட்டது. அவ்வாண்டு மொனாக்கோ நகரில் நடந்த நிகழ்ச்சி அவருடைய கூர்த்த அறிவை நன்கு விளக்கும்.

பந்தயம் தொடங்கிய முதற்சுற்றிலேயே, முன்னே சென்ற அவருக்குப் பின்னால் வந்த வண்டிகள் பல ஒன்றோடொன்று மோதி வழியை அடைத்துவிட்டன. இதனை அறியாத பாஞ்சியோ இரண்டாம் சுற்றில் விரைந்து வந்தார். தடைப்பட்ட இடமோ வளைவிற்கு அப்பால் மறைந்திருந்தது. எனினும், முதல்வராக வரும் தம்மை நோக்கவேண்டிய மக்கள் வேறு திசையை நோக்கி நிற்பதை அவர் கண்டார். முன்னே ஏதோ நேர்ந்துள்ளது எனக் கணத்தில் உணர்ந்து வண்டியின் விரைவைக் குறைத்தார். மோதிக் கிடந்தவற்றின் இடையே வழிகண்டு மெல்லக் கடந்தார். அப்பந்தயத்தில் வெற்றியும் பெற்றார். கைவன்மையோடு கண்ணும் கருத்தும் ஒன்றியிருந்தமையே அவரைக் காத்தது.

1951ஆம் ஆண்டு ஆல்பா ரோமியோ வண்டியை ஓட்டி அவர் முதன்முறையாக உலக முதல்வர் ஆனார். அப்போது அவருக்கு வயது 40.

மோன்சா கற்பித்த பாடம்

தம் அளவை மறந்தால் நேரும் கேட்டை அவர் ஒருமுறை பட்டறிந்தார். 1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வட அயர்லாந்தில் ஒரு பந்தயத்தை முடித்தவுடனே மறுநாள் இத்தாலியின் மோன்சாவில் ஓட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். பாரிசு வரை வந்தபின் மேலே செல்ல வானூர்தி கிட்டவில்லை. ஆகவே, இரவு முழுதும் தாமே கார் ஓட்டி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பந்தயம் தொடங்குதற்குச் சிறிது நேரத்திற்கு முன்னர் வந்து சேர்ந்தார். களைப்பு நீங்காமலே களத்தில் இறங்கினார். இரண்டாம் சுற்றில் வண்டி தடம் மாறிற்று, அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார், கழுத்தெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தாரெனினும் அவ்வாண்டு முழுதும் அவரால் பந்தயம் ஓட்ட இயலவில்லை.

அக்காலத்துப் பந்தய வண்டிகளில் ஓட்டுநரை இருக்கையோடு பிணைக்கும் வார் இல்லை. எரிநெய்த் தொட்டி அவர் முதுகிற்குப் பின்னால் இருந்தது. பாதையின் ஓரத்தில் மரங்களும் பள்ளங்களும் காத்திருந்தன. 1954இல் அவர் அன்பிற்குரிய அர்ஜென்டின இளைஞர் ஓனோப்ரே மரிமோன் செருமனியில் மாண்டார். 1955இல் இத்தாலிய வீரர் அஸ்காரி மோன்சாவில் மறைந்தார். அதே ஆண்டு லெ மான் பந்தயத்தில் வண்டியொன்று மக்கள் கூட்டத்துள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நேரத்தில் பாஞ்சியோ சற்றுப் பின்னே வந்துகொண்டிருந்து நூலிழையில் தப்பினார்.

இத்தகைய சூழலிலும் 1954, 1955, 1956 ஆகிய மூன்றாண்டுகளிலும் அவர் உலக முதல்வராக விளங்கினார்.

நூர்பர்க்ரிங் வெற்றி

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4ஆம் நாள் செருமனியின் நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் நடந்த பந்தயம் அவர் ஆற்றலின் சிகரம் ஆகும். ஒரு சுற்று ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்றுகள். பெராரி வண்டிகளில் வந்த ஆங்கில இளைஞர்களான மைக் ஹாதார்னும் பீட்டர் காலின்ஸும் இடையில் நில்லாமல் ஓட்டக் கருதினர். மசராட்டி வண்டியில் வந்த பாஞ்சியோ பாதியளவு எரிநெய்யோடு தொடங்கினார். இடையில் ஒருமுறை நின்று எரிநெய் நிரப்பிச் சக்கரங்களையும் மாற்றிக்கொள்ளத் திட்டமிட்டார்.

ஆனால், நின்ற இடத்தில் பணி தாமதமாயிற்று. அவர் மீண்டும் புறப்பட்டபோது முன்னவர் இருவரும் முக்கால் நிமிடத்திற்கும் மேலாக முந்திச் சென்றிருந்தனர். அதன்பின் அவர் சுற்றுதோறும் பழைய விரைவு எல்லைகளைத் தகர்த்தார். பந்தயத்திற்கு முன்னர்த் தாமே காட்டிய மிகச் சிறந்த நேரத்தினும் 8 வினாடி குறைவாக ஒரு சுற்றை முடித்தார். இறுதிக்கு முந்திய சுற்றில் இருவரையும் கடந்து, 3.6 வினாடி முன்னதாக எல்லையை அடைந்தார். அவ்வெற்றி அவருக்கு ஐந்தாம் முறையாக உலக முதன்மையைத் தேடித் தந்தது.

உலகம் வியந்து போற்றியது. பாஞ்சியோவின் எண்ணமோ வேறாக இருந்தது. அன்று போல் தாம் ஒருபோதும் ஓட்டியதில்லை என்றும், அவ்வாறு இனி ஓட்ட விரும்பவில்லை என்றும் அவர் பின்னாளில் கூறினார். வேண்டிய அளவே விரைந்து வெல்வது அவர் கொள்கை. அக்கொள்கையின் எல்லையை அன்று தாம் கடந்துவிட்டதை அவர் அறிந்திருந்தார். வாகை சூடிய நாளிலும் தம்மைத் தாமே நடுவுநிலையோடு அளந்து பார்த்தமை அவர்தம் பெருமை. உலக முதன்மைப் போட்டியில் அதுவே அவருடைய இறுதி வெற்றியாகவும் அமைந்தது.

ரீம்ஸில் எடுத்த முடிவு

பொருள்முடையால் மசராட்டி நிறுவனம் 1957ஆம் ஆண்டின் இறுதியில் தன் பந்தயக் குழுவைக் கலைத்தது. 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் கியூபா நாட்டுப் பந்தயத்திற்குச் சென்ற பாஞ்சியோவைப் புரட்சியாளர்கள் கவர்ந்து சென்று, பந்தயம் முடிந்தபின் தீங்கின்றி விடுவித்தனர். அவர்கள்மீது அவர் பகை பாராட்டவில்லை.

அவ்வாண்டு ஜூலை 6ஆம் நாள் ரீம்ஸில் பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயம் நடந்தது. பத்தாண்டுகட்கு முன் ஐரோப்பாவில் அவர் முதன்முதல் ஓட்டிய அதே களம் அது. வண்டியோ பழைய திறம் உடையதாக இல்லை. நீண்ட நேர்வழியில் ஓட்டிச் செல்கையில், தாம் இன்னும் இங்கு ஈட்டவேண்டியது யாது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. விருப்பத்திற்காகச் செய்த செயல் கடமையாக மாறிவிட்டதை அவர் உணர்ந்தார். அன்றே இத்தாலிய வீரர் லூயிஜி முஸ்ஸோ அப்பந்தயத்தில் உயிரிழந்தார்.

முதலிடத்தில் வந்த ஹாதார்ன் இறுதியில் பாஞ்சியோவை ஒரு முழுச் சுற்றால் முந்தும் நிலையில் இருந்தார். ஆயினும், அப்பெருவீரரை அவ்வாறு கடந்து செல்ல மனமின்றித் தம் வண்டியைத் தளர்த்திப் பின்னே நின்றார். பாஞ்சியோ நான்காமவராக முடித்தார், வண்டியைவிட்டு இறங்கினார், உலக முதன்மைப் போட்டியில் மீண்டும் இறங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 47.

அவர் முடிவு எத்துணைத் தக்கது என்பதைக் காலம் விரைவில் காட்டிற்று. நான்கு வாரங்களில் காலின்ஸ் நூர்பர்க்ரிங்கில் மாண்டார். அவ்வாண்டின் உலக முதல்வராகிப் பந்தயத்தை விட்டு விலகிய ஹாதார்னும் 1959ஆம் ஆண்டு ஜனவரியில் சாலை விபத்தில் இறந்தார். நூர்பர்க்ரிங்கில் முதல் மூவராக முடித்தோருள் எஞ்சியவர், மூவரினும் மூத்தவரான பாஞ்சியோ ஒருவரே.

பிற்கால வாழ்வு

தாயகம் திரும்பிய பாஞ்சியோ மெர்ஸிடிஸ் வண்டி வாணிகத்தில் ஈடுபட்டார். 1974ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் அர்ஜென்டினக் கிளைக்குத் தலைவரானார். அவருடைய வண்டிகளும் பரிசுகளும் அடங்கிய காட்சிச்சாலை 1986ஆம் ஆண்டு பல்கார்சேயில் திறக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், தம் 84ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

உலக முதன்மைப் போட்டியில் அவர் ஓட்டிய பந்தயங்கள் 51, வென்றவை 24. ஐந்து முறை உலக முதல்வரானவர் என்னும் அவருடைய தனிச்சிறப்பை, 2003ஆம் ஆண்டு செருமானியரான மைக்கேல் ஷூமாக்கர் ஆறாம் முறை வென்று கடக்கும் வரை எவரும் விஞ்சவில்லை. எண்களாற் பெறும் புகழைப் பின்வருவோர் கடத்தல் இயல்பே. ஆயின், பிறர் சொல்லுமுன் தம் எல்லையைத் தாமே உணர்ந்து, மனநிறைவோடு விலகிய அவர்தம் அறிவுடைமை எத்தொழிலினர்க்கும் எக்காலத்தும் வழிகாட்டுவதாகும்.