விளக்கு வைக்கச் சொன்ன வேட்பாளர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் செல்லும் எவரும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பெயர்ப் பலகையைப் பாராமல் போக முடியாது. பள்ளி நாள்களில் புலியையும் குரங்கையும் காணத் துள்ளிக் குதித்துச் சென்ற நமக்கு, அந்தப் பெயருக்குரியவர் தம் வாழ்நாளில் தாங்கிய வசைகள் எத்தனை என்று எண்ணத் தோன்றியதுண்டா? எனக்குத் தோன்றியதில்லை, 2022 பிப்ரவரி வரை.

தாம்பரம் மாநகராட்சியான பின் நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் தெருவே அக்கா என்றழைக்கும் ஒருவர் கவுன்சிலர் பதவிக்கு நின்றார். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், விடியற்காலையில் பால் வாங்கப் போன அம்மா ஒரு துண்டறிக்கையோடு திரும்பினார்கள். அச்சிட்டவர் பெயர் அதில் இல்லை. குடிநீரைப் பற்றியோ சாக்கடையைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. முழுவதும் அக்காவின் இல்லற வாழ்வைப் பற்றிய இழிமொழி. அக்கா வீட்டார் தெருத்தெருவாகப் போய்ப் பொறுக்கிக் கிழித்தார்கள். அவர்கள் கிழிக்கக் கிழிக்க, அதுவரை படிக்காதவர்களும் தேடிப் படித்தார்கள். எங்கள் தமிழாசிரியர் ஐயா அப்போதுதான் அண்ணாவின் கதையைச் சொன்னார்.

அண்ணா 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்புக்குப் பின் சிறிது காலம் காஞ்சி நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தார். பின்னரே பச்சையப்பன் கல்லூரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், இந்த இடத்தில் சற்று நின்றுதான் மேலே படித்தேன்! அவர் சந்தித்த முதல் தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலே. 1930களின் நடுவில், நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாநகராட்சிக்குப் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். 1949இல் தி.மு.கழகத்தைத் தொடங்கியபின் 1957இல் காஞ்சியில் வென்று சட்டமன்றம் சென்றார். 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் கழகம் தனிப்பெருங்கட்சியாக வந்தது. மேயர் பதவியும் அதற்கே கிடைத்தது.

காஞ்சியில் அவர் நின்ற தேர்தலொன்றில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிதான் ஐயா கூறியது. அண்ணாவின் பிறப்பையும் அவரைப் பெற்ற தாயையும் பழித்து, மக்கள் நடமாடும் இடத்தில் எதிர்த்தரப்பினர் எழுதி வைத்துவிட்டார்கள். தொண்டர்களின் இரத்தம் கொதித்தது. அதைப் பெயர்த்தெறியக் கிளம்பியவர்களை அண்ணா தடுத்தார். பகலில் மட்டுமே மக்கள் படிக்க முடிகிறது, இரவிலும் படிக்கட்டும் என்று, அதன் பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைக்கச் சொன்னாராம். எழுதியவனைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

விளக்கு வைத்தவர் எப்போதும் வென்றார் என்று எண்ணிவிட வேண்டாம். 1962இல் அதே காஞ்சியில் பேருந்து முதலாளி நடேச முதலியாரிடம் அண்ணா தோற்றார். கழகமோ 50 இடங்களில் வென்றிருந்தது!

கழக மேடைகள் மட்டும் தூய்மையாக இருந்தனவா என்று ஒரு நண்பன் என்னை மடக்கினான். இல்லைதான். கழகத்தாரைக் கூத்தாடிகள் என்று காங்கிரசார் ஏசினார்கள் என்றால், காமராசரின் நிறத்தையும் படிப்பையும் கேலி செய்தவர்கள் இந்தப் பக்கத்திலும் இருந்தார்கள். 1967இல் அரிசி விலையைக் கேட்டு முதலமைச்சர் பக்தவத்சலத்தைக் கிண்டல் செய்த முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. ஆட்சியிலிருப்பவரிடம் அரிசி விலையைக் கேட்பது வசையன்று என்பது என் கருத்து. ஒருவரின் நிறத்தைப் பழிப்பது வேறு. அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. தம் மேடையில் ஏறிய எல்லா நாவையும் அண்ணாவால் கட்டிவைக்க இயலவில்லை.

ஆனால் அந்த 1967இல், விருதுநகரில் காமராசர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்ற செய்தி வந்தபோது, அண்ணா மகிழவில்லை. அந்தத் தோல்வியைக் கொண்டாட வேண்டாம் என்று தம்மவர்களைத் தடுத்தார். தென் சென்னையில் நாடாளுமன்றத்திற்கு வென்றிருந்த அவர், மார்ச் 6 அன்று முதலமைச்சரானார். இரண்டாண்டுகூட ஆளவில்லை. புற்றுநோய் 1969 பிப்ரவரி 3 அன்று அவரைக் கொண்டுபோயிற்று.

சென்ற ஆண்டு மெரினாவில் அவர் நினைவிடத்தில் எரியும் அணையா விளக்கைப் பார்த்துவிட்டு வந்து, அக்காவிடம் இந்தக் காஞ்சிக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் உள்ளே போய் அரிசி டப்பாவின் அடியிலிருந்து அந்தத் துண்டறிக்கையை எடுத்து வந்தார். நான்காக மடித்து, ஒன்றை மட்டும் கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். அடுத்த முறையும் நிற்பீர்களா அக்கா என்று கேட்டேன். விளக்கு வாங்கக் காசு சேரட்டும் என்று சிரித்தார்.