அன்னையரைக் காத்த அண்ணல்

வியன்னா மாநகரின் பொது மருத்துவமனையில் 1846-ஆம் ஆண்டளவில் நெஞ்சை உருக்கும் காட்சியொன்று அடிக்கடி நிகழும். பேறுகால நோவுடன் வந்து சேர்ந்த ஏழைப் பெண்ணொருத்தி முழந்தாளிட்டுக் கை கூப்பி மன்றாடுவாள். பொருள் வேண்டி அன்று. உணவு வேண்டியும் அன்று. தன்னை முதற் பிரிவில் சேர்க்க வேண்டா, இரண்டாம் பிரிவிலேயே சேர்த்தருள வேண்டும் என்பதே அவள் வேண்டுகோள். அதற்குச் செவி சாய்ப்பார் இல்லை. இன்ன நாளில் வந்தவர் இன்ன பிரிவிற்குச் செல்ல வேண்டும் என்பது அம்மருத்துவமனையின் விதி. விதியை மாற்ற அவள் யார்?

அம்மருத்துவமனையின் பேறுகாலப் பகுதி இரு பிரிவாக இயங்கியது. முதற் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவப் பணிப் பெண்களாகிய மருத்துவச்சியர் பயின்றனர். அங்கு வந்த தாய்மாருள் பலர் வறியவர்; கணவன் துணையற்றோரும் உளர். அவர்களுக்கு உணவும் மருத்துவமும் இலவசம். ஆனால், பயில்வோர் தம் உடலைத் தொட்டு ஆராய அவர்கள் இடந்தர வேண்டும். அதுவே அவ்வுதவிக்கு அவர்கள் கொடுத்த விலை.

அந்நாளில் குழந்தை பெற்ற தாய்மாரைப் பேறுகாலக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் வாரிக்கொண்டு சென்றது. 1846-ஆம் ஆண்டில் முதற் பிரிவில் நிகழ்ந்த 4010 பேறுகளில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ 3754 பேறுகளில் இறந்தோர் 105 பேரே. இக்கணக்கு மருத்துவமனை ஏட்டிலே இருந்தது. ஏட்டைக் காணாத ஏழைப் பெண்களும் இவ்வேறுபாட்டை ஊர்ப்பேச்சால் அறிந்திருந்தனர். கற்றறிந்த மருத்துவர்களோ அவர்தம் அச்சத்தைப் பேதையர் அச்சமென்று கருதி வாளா இருந்தனர். அழுகின்ற அப்பெண்கள் கூறுவதில் உண்மை உண்டா என்று ஆராயத் துணிந்தவர் இருபத்தெட்டு வயதே நிரம்பிய இளைஞர் ஒருவர். அவரே இக்னாஸ் செம்மல்வைஸ்.

செம்மல்வைஸ் 1818-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், ஹங்கேரி நாட்டின் புடா நகரில் ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயில்வதற்கென்று 1837-இல் வியன்னாவுக்குச் சென்றவர், அதனை விடுத்து மருத்துவத்தை மேற்கொண்டார். 1844-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1846-இல் முதற் பிரிவின் துணை மருத்துவராகப் பணியேற்றார். நாடோறும் காலையில் பிணவறைக்குச் சென்று, நோயால் மாண்ட தாய்மாரின் உடல்களை அறுத்து ஆராய்வார். அதன்பின் முதற் பிரிவிற்குச் சென்று உயிரோடிருக்கும் தாய்மாரை ஆராய்வார். நோயின் காரணத்தை அறிய வேண்டும் என்னும் வேட்கையால் அவர் செய்த கடும் உழைப்பு அது. அவ்வுழைப்பினுள்ளேயே ஒரு பெருங்கேடு ஒளிந்திருந்ததை அவர் அப்போது அறியார்.

நோய்க்குக் காரணம் காற்றின் கேடு என்றனர் அறிஞர். அங்ஙனமாயின் அடுத்தடுத்து உள்ள இரு பிரிவுகளுக்கும் காற்று வேறோ? இடநெருக்கம் என்றனர். நெருக்கமோ இரண்டாம் பிரிவிலேயே மிகுதி. வழியிலே, தெருவிலே குழந்தை பெற்றுப் பின்னர் வந்து சேர்ந்த பெண்களுள்ளும் இந்நோய் கண்டவர் மிகச் சிலரே! இறப்போருக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியாரின் மணியோசை முதற் பிரிவுத் தாய்மாரை அச்சுறுத்துவதால் நோய் வருகின்றதோ என்றும் ஐயுற்றார். மணி ஒலிக்காமல், வேறு வழியே வருமாறு பாதிரியாரை வேண்டினார். அவரும் இசைந்தார். இறப்புக் குறையவில்லை.

1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சில நாள் வெனிஸ் நகருக்குச் சென்று திரும்பிய செம்மல்வைசுக்குத் துயரச் செய்தியொன்று காத்திருந்தது. அவருடைய நண்பர் கொலெச்கா என்னும் பேராசிரியர் இறந்துவிட்டார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலிற் பட்டுவிட்டது. அச்சிறு காயமே அவர் உயிரைக் குடித்தது. அவர் உடலை ஆராய்ந்தோர் எழுதிய குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். பேறுகாலக் காய்ச்சலால் மாண்ட தாய்மாரின் உடலில் தாம் கண்ட கேடுகளே அங்கும் காணப்பட்டன. இறந்தவர் ஆடவர், ஆயினும் நோய் அதுவே!

உண்மை மின்னலெனப் பளிச்சிட்டது. பிணத்தின் நஞ்சு கத்தியின் வழியே கொலெச்காவின் உடலிற் புகுந்தது. தாய்மாரின் உடலில் அது எதன் வழியே புகுந்தது? பிணவறையிலிருந்து நேரே வந்த மருத்துவர்களின் கைகள் வழியே. மருத்துவச்சியர் பிணப் பரிசோதனை செய்வதில்லை. ஆதலின் இரண்டாம் பிரிவில் இறப்புக் குறைவு. எவ்வளவு எளிய விடை!

எளிய விடைதான், ஆயின் ஏற்பதற்கு அரியது. பிணவறையில் மிகுதியாக உழைத்தவர் செம்மல்வைஸ். எனவே, தாய்மார் பலரைத் தம் கைகளே இடுகாட்டிற்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். வேறொருவராயின் அவ்வுண்மையைத் தம் நெஞ்சிலேயே புதைத்திருப்பர். அவர் அதனை மறைத்தாரல்லர். பிற்காலத்தில் தாம் எழுதிய நூலிலும் வெளிப்படையாகவே குறித்தார். நோயைக் கண்டுபிடித்த அறிவினும் இவ்வொப்புதல் பெரிது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டு மே மாதத்தின் நடுவில் ஒரு கட்டளை பிறப்பித்தார். பிணவறையிலிருந்து வரும் எவரும் குளோரின் நீரிற் கைகளை நன்கு கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடல் வேண்டும். சவர்க்காரம் போதாது, கழுவிய பின்னும் கையில் பிணநாற்றம் எஞ்சி நின்றதை அவர் அறிந்திருந்தார். செலவு கருதிப் பின்னர்க் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பயன்படுத்தினார். நம் ஊர்க் கிணறுகளில் இடும் பிளீச்சிங் பவுடர் என்பது அதுவே. ஏப்பிரல் திங்களில் நூற்றுக்குப் பதினெண்மராய் இருந்த இறப்பு, ஜூன் திங்களில் இருவராயிற்று. ஜூலையில் ஏறத்தாழ ஒருவராயிற்று. மறு ஆண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் முதற் பிரிவில் ஒரு தாயேனும் இறந்திலள்.

இடையில் ஒரு துன்பமும் நேர்ந்தது. 1847-இன் இலையுதிர் காலத்தில், சீழ் வடியும் புற்றுநோய் கொண்ட பெண்ணொருத்தியை முதலில் ஆராய்ந்துவிட்டு, அதே வரிசையில் இருந்த மற்றப் பெண்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். இடையில் சவர்க்காரத்தால் மட்டுமே கை கழுவினர். பன்னிருவருள் பதினொருவர் மாண்டனர். பிணம் மட்டுமன்று, உயிருள்ள நோயாளியின் அழுகற் பொருளும் நஞ்சே என்பதை அப்போது உணர்ந்தார். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கை கழுவுக என்று விதியைக் கடுமையாக்கினார்.

ஹெப்ரா, ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி ஆகிய பேரறிஞர் மூவர் அவரை ஆதரித்தனர். ஆனால், அவருடைய மேலதிகாரியாகிய கிளைன் என்பவர் ஏற்றிலர். நோய் தீர்க்கும் தம் கையே நோய் தந்தது என்பதை ஒப்புக்கொள்ளப் பலருடைய தன்மதிப்பு இடந்தரவில்லை. 1849-இல் செம்மல்வைசின் பதவிக் காலம் முடிந்தது, அது நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டில், பொம்மை உடலைக் கொண்டு மட்டுமே மாணவருக்குக் கற்பிக்கலாம் என்ற வரம்புடன் ஒரு பதவி அளித்தனர். மனம் புண்பட்ட அவர் நண்பர்களிடமும் சொல்லாமல் ஹங்கேரிக்குத் திரும்பினார்.

பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் 1851 முதல் ஊதியமின்றிப் பணியாற்றினார். அங்கு ஆறாண்டுகளில் நிகழ்ந்த 933 பேறுகளில் இக்காய்ச்சலால் இறந்தோர் எண்மரே. 1855-இல் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவரிடமும் குறை உண்டு. தாம் கண்ட உண்மையை உடனே எழுதி வெளியிடாமல் பல்லாண்டு காலம் தாழ்த்தினார். 1861-இலேயே அவர் நூல் வெளிவந்தது. அதனைப் பலர் எள்ளியபோது, மறுத்தோரைக் கொலைகாரர் என்றே சாடி வெளிப்படையான கடிதங்கள் எழுதினார். அச்சினத்தால் பகை வளர்ந்ததே யன்றிப் பயன் விளையவில்லை. ஆயினும், காக்கக்கூடிய தாய்மார் நாடோறும் மடிவதைக் கண்டவர்க்கு இன்சொல் எங்ஙனம் வரும்?

நாளடைவில் அவர் மனநிலை குலைந்தது. 1865-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில், புதிய மருத்துவ நிலையம் ஒன்றைக் காட்டுவதாகக் கூறி, பழைய நண்பர் ஹெப்ராவே அவரை வியன்னாவிலுள்ள மனநோய் விடுதிக்கு அழைத்துச் சென்றார். தம்மை எங்கே கொணர்ந்தனர் என்பதை உணர்ந்ததும் செம்மல்வைஸ் வெளியேற முயன்றார். காவலர் அவரை அடித்துக் கட்டி, இருட்டறையில் அடைத்தனர். நோயாளியாய்ச் சென்ற அவரிடம் உண்மை கூறுவாரும் இல்லை. அவர் சொல்லைக் கேட்பாரும் இல்லை. இரு வாரங்களில், ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள், தம் 47-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். உடலில் காயங்கள் பல இருந்தன. இறப்பிற்குக் காரணம் காயத்தின் வழியே குருதியிற் பரவிய நஞ்சு. கொலெச்காவைக் கொன்ற நோய், எண்ணற்ற தாய்மாரைக் கொன்ற நோய்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1867-இல், புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் தூய்மை செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டார். 1879-இல் பாரிஸ் நகரின் அறிஞர் அவையொன்றில், பேறுகாலக் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் வடிவத்தை லூயி பாஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். செம்மல்வைசின் எலும்புகள் 1891-இல் தாயகத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவர் பிறந்த வீடு மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் ஆயிற்று; 1964-இல் அவ்வெலும்புகள் அவ்வீட்டிலேயே அடக்கம் செய்யப்பெற்றன.