மௌனம் கலைத்த மங்கை இஸ்மத் சுக்தாய்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். எல்லா மௌனமும் சம்மதம் ஆகிவிடுமா? அச்சத்தால் வாய் மூடியிருப்பவரின் மௌனத்திற்கும் அதே பொருள்தானா?

இந்தக் கேள்வி என் உள்ளத்தில் முளைத்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பரங்கிப்பேட்டையில், எங்கள் ராத்தாவின் நிக்காஹ் அன்று. ராத்தாவுக்கு அப்போது பதினெட்டு வயது முடிந்து இரண்டு மாதம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கல்லூரிக்குப் போக வேண்டுமென்று உம்மாவிடம் அழுதும் பார்த்தாள். மணமகளின் சம்மதத்தைக் கேட்ட பிறகே நிக்காஹ் என்பது எங்கள் மார்க்கம் வகுத்த முறை. கேட்கவும் கேட்டார்கள். ராத்தா தலையைக் குனிந்தபடி பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சாட்சிகள் திரும்பிப் போனார்கள். அவள் கை நடுங்கியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாப்பா புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கம் வண்டியில் கைலியும் துண்டும் விற்று வருபவர். சென்ற ஆண்டு ஆங்கில வகுப்பில் விரிவுரையாளர் ஒருவர் பேச்சுவாக்கில் உருது எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பின் காரணம் புரியாமல் அப்பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் நூல் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவர்தாம் இஸ்மத் சுக்தாய். அந்த அம்மையாரின் வாழ்க்கையை என் சக மாணவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பிடிவாதக்காரப் பெண்

இஸ்மத் 1915ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த பதாயூனில் பிறந்தார். தந்தை மிர்ஸா காசிம் பேக் சுக்தாய் அரசு அதிகாரி. பிள்ளைகள் பத்துப் பேர். அவர்களுள் ஒன்பதாவது பிள்ளை இஸ்மத். அக்காமார்கள் முன்பே மணமாகிப் போய்விட்டதால் அண்ணன்மாரோடு மரமேறியும் கிட்டிப்புள் ஆடியும் வளர்ந்தார். தையலும் சமையலும் கசந்தன, புத்தகம் இனித்தது. எழுத்தாளராக விளங்கிய அண்ணன் அஸீம் பேக் சுக்தாய் அவருக்கு ஆசானாகவும் அமைந்தார்.

பதின்பருவத்திலேயே கல்யாணப் பேச்சு வந்தது. நம் வீடுகளில் வருவதைப் போலத்தான்! இஸ்மத் அழுதுகொண்டிருக்கவில்லை, ஒரு தந்திரம் செய்தார். உறவுக்காரப் பையன் ஒருவனுக்குக் கடிதம் எழுதி, தன்னை மணக்க விரும்புவதாக அவன் வீட்டில் சொல்லச் செய்தார். உண்மையில் மணக்க வேண்டியதில்லை. வந்த வரன் கலைந்தால் போதும் என்பது ஏற்பாடு. வரன் கலைந்தது. அடுத்து, அலிகாரில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டுமென்று கேட்டார். வீடு மறுத்தது. அனுப்பாவிட்டால் ஓடிப்போய்க் கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் சேர்ந்துகொள்வேன் என்று தந்தையிடமே சொல்லிவிட்டார். தந்தை இறுதியில் இணங்கினார்.

வழிகாட்டிய மருத்துவர்

இஸ்மத்தின் நெஞ்சில் இடம் பிடித்த பெண்மணி டாக்டர் ரஷீத் ஜஹான். அலிகாரில் முஸ்லிம் பெண்களுக்கெனப் பள்ளி நிறுவிய ஷேக் அப்துல்லாவின் மகள். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1932இல் அவரும் மூன்று இளைஞர்களும் சேர்ந்து அங்காரே என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். திரைக்குப் பின்னே வாழும் ஒரு பெண், ஆண்டுதோறும் பிள்ளை பெற்றுப் பெற்று நைந்துபோன தன் உடம்பைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் மனம் திறந்து பேசுவதை அதில் ரஷீத் ஜஹான் நாடகமாக்கியிருந்தார். நோயாளிகளின் கட்டிலருகே நின்று கேட்ட துயரம் அது. எதிர்ப்புப் புயல் எழுந்தது. அவருக்கு மிரட்டல்கள் வந்தன. 1933 மார்ச்சில் அரசு அந்நூலைத் தடை செய்தது. ஆயினும் அவர் மருத்துவத்தையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை.

விலங்கியல் படிக்கும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. கருப்பை, சூலகம் என்று படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அந்த உறுப்புகள் யாருடையவை, அவற்றைப் பற்றி முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. ரஷீத் ஜஹான் அக்கேள்வியை எழுப்பினார். இஸ்மத் அதைத் தன் எழுத்தில் ஏந்திக்கொண்டார்.

லக்னோ இஸபெல்லா தோபர்ன் கல்லூரியில் பி.ஏ. படித்தார் இஸ்மத், பின்னர் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றார். பரேலியில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தார். பிறகு பம்பாய் சென்று பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றினார். 1942இல் ஷாஹித் லத்தீஃப் என்பவரைத் தாமே தேர்ந்து மணந்தார். வாழ்நாளெல்லாம் விலங்குகளை உடைத்தவள் நான், இனி ஒரு விலங்கைப் பூட்டிக்கொள்ள மாட்டேன் என்று மணத்துக்கு முன்பே அவரிடம் எச்சரித்திருந்தாராம்.

போர்வைக் கதை

திருமணத்துக்குச் சற்று முன்னே எழுதிய கதை லிஹாஃப். குளிருக்குப் போர்த்தும் பஞ்சுப் போர்வை என்பது அதன் பொருள். ஒரு நவாபு இளம்பெண்ணை மணந்து வீட்டில் வைத்துவிட்டு, தாம் இளைஞர் கூட்டத்தோடு பொழுதைக் கழிக்கிறார். வீட்டுப் பொருள்களில் ஒன்றாகிப் போன பேகம் உள்ளுக்குள் வாடுகிறார். ரப்போ என்ற பணிப்பெண்ணின் நெருக்கத்தில் மீண்டும் உயிர் பெறுகிறார். இத்தனையும் அந்த வீட்டில் தங்கவந்த ஒரு சிறுமியின் கண் வழியே சொல்லப்படுகிறது. இரவில் சுவரில் யானை போல அசையும் போர்வையின் நிழல் அவளை மிரட்டுகிறது. அதற்கு மேல் கதை விளக்குவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. ஒன்று, பெண்ணின் உடம்புக்கும் ஏக்கம் உண்டு. அந்த ஏக்கம் இன்னொரு பெண்ணை நாடலாம் என்பதை இஸ்மத் மறைக்கவில்லை. மற்றொன்று, ரப்போ இல்லாத வேளையில் பேகத்தின் கை அச்சிறுமியிடமும் நீள்கிறது. சிறுமி அஞ்சி ஒடுங்குகிறாள். பேகத்தின் தனிமைக்காக மனம் இரங்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் உடம்பின்மேல் அத்தனிமை உரிமை கொண்டாட முடியாது. அவரவர் உடம்பு அவரவர்க்கு என்றால் அந்த நீதி சிறுமிக்கும் உண்டல்லவா? கதை இரண்டு பக்கமும் நேர்மையாய் நிற்கிறது.

லாகூர் நீதிமன்றம்

வசைக் கடிதங்கள் குவிந்தன. கணவரோடும் சச்சரவு மூண்டது. 1944 டிசம்பரில், கைக்குழந்தைக்குப் பால் புட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது போலீசார் அழைப்பாணையோடு வந்து நின்றனர். ஆபாசமாக எழுதினார் என்பது குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்தவர் பெயர் ஆறாம் ஜார்ஜ் மன்னர் என்றிருந்ததைக் கண்டு இஸ்மத் சிரித்துவிட்டாராம். அவர் நண்பர் சாதத் ஹசன் மண்ட்டோவின்மீதும் வேறொரு கதைக்காக வழக்கு. மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் என்று பலர் வற்புறுத்தினர். இருவரும் மறுத்தனர், லாகூருக்குப் போனார்கள், ஓய்ந்த நேரத்தில் கடைவீதி சுற்றிச் செருப்பு வாங்கினார்கள்!

நீதிமன்றத்தில் நடந்தது வேடிக்கை. கதையில் எந்தச் சொல் ஆபாசம் என்று வழக்கறிஞர் கேட்டார். பெண்கள் காதலர்களைச் சேர்ப்பது பற்றிய வரி என்றார் ஒரு சாட்சி. காதலர் என்ற சொல்லா ஆபாசம் என்று மடக்கினார் வழக்கறிஞர். நல்ல பெண்கள் அப்படிச் செய்யார் என்று சாட்சி தடுமாறினார். அப்படியானால் கெட்ட பெண்களைப் பற்றி எழுதினால் குற்றமா என்பது அடுத்த கேள்வி. படித்த, கௌரவமான குடும்பத்துப் பெண் எழுதலாமா என்று சாட்சி பொருமினார். அது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், சட்டத்தின் கண்ணில் குற்றம் ஆகாது என்று முடித்தார் வழக்கறிஞர். போர்வைக்குள் நடந்ததைச் சொல்ல ஒரு கெட்ட வார்த்தைகூட இஸ்மத்துக்குத் தேவைப்படவில்லை. வழக்கில் அவர் வென்றார்.

சில ஆண்டுகள் கழித்து அலிகாரில் ஒரு விருந்தில், அக்கதைக்கு வித்தாக இருந்த அந்த பேகத்தையே அவர் சந்திக்க நேர்ந்தது. ஏசுவாரோ என்று அஞ்சி நின்றார். அந்த அம்மையாரோ நவாபை விட்டுப் பிரிந்து, மறுமணம் செய்து, மகனைப் பெற்று மகிழ்ச்சியாக இருந்தார். இஸ்மத்தை அன்போடு வரவேற்றார். எழுத்தாளருக்கு இதைவிடப் பரிசு வேண்டுமா?

தம்மை அந்த ஒரு கதையைக்கொண்டே எல்லாரும் அறிவதாகப் பிற்காலத்தில் அவர் வருந்தியதுண்டு. நியாயமான வருத்தம். டேடீ லகீர் என்ற நாவலையும் பல சிறுகதைகளையும் எழுதியவர் அவர். நாட்டுப் பிரிவினையின் கொடுமையைக் காட்டிய கரம் ஹவா திரைப்படம் அவர் கதையிலிருந்து பிறந்தது. 1976இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1991 அக்டோபர் 24 அன்று பம்பாயில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டது. கபரில் அடக்குவதே எங்கள் வழக்கம். அந்த ஒரு முடிவை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் என் மனம் ஏற்கும் முடிவை மட்டும்தான் பிறர் எடுக்கலாம் என்றால், நான் இத்தனை நேரம் பேசிய உரிமைக்கு என்ன பொருள்?

நம் ஊருக்கு வருவோம்

தன்பாலீர்ப்பை வெறுப்பது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய குணம் என்று சிலர் பேசுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. துருக்கியின் உஸ்மானியப் பேரரசு 1858இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் அதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. இந்தியாவில் 377ஆம் பிரிவை 1860இல் கொண்டுவந்தது ஆங்கிலேய ஆட்சி. மனம் ஒப்பிய வயது வந்தோரை அப்பிரிவு தண்டிக்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் தீர்ப்பளித்தது. அதே சமயம், சில முஸ்லிம் நாடுகளில் இன்றும் அதற்கு மரண தண்டனை வரை உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. இஸ்மத் தம் சமுதாயத்தை வெளியே நின்று ஏசவில்லை. அந்த வீட்டுக்குள் பிறந்து, அந்த வீட்டுப் பெண்கள் பேசும் மொழியிலேயே, அந்த வீட்டின் துயரத்தைச் சொன்னார். அதனால்தான் அவர் குரலை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவை நாம் அறிவோம். திருநங்கைகளுக்கென நல வாரியம் 2008இலேயே தமிழ்நாட்டில் அமைந்தது. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் நாம் என்ன செய்கிறோம்?

என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் என்னோடு பாண்டி ஆடி வளர்ந்த ஒரு பிள்ளை தன்னைப் பெண் என்றே உணர்ந்தது. வீட்டில் அடி, பள்ளியில் கேலி. பதினேழு வயதில் ஊரைவிட்டே போய்விட்டது. நூலகத்திலிருந்து திரும்பிய ஒரு மாலை, கடலூர் பேருந்து நிலையத்தில் சேலை உடுத்தி நின்றவளைக் கண்டேன். அவள் என் பெயரைச் சொல்லி அழைத்தாள். சுற்றியிருந்தோர் பார்த்தார்கள். நான் கேளாதவள் போலச் சிதம்பரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். என் பைக்குள் இஸ்மத்தின் நூல் இருந்தது! அன்று நான் காத்த மௌனமும் ஒரு சம்மதம்தான். அவளை விரட்டியவர்களுக்கு நான் அளித்த சம்மதம்.

சென்ற மாதம் எனக்கும் ஒரு வரன் வந்தது. ராத்தாவைப் போல நான் தலை குனியவில்லை. படிப்பை முடிக்க வேண்டும், யாரை எப்போது மணப்பது என்பதில் என் வாய்ச் சொல்லையும் கேட்க வேண்டும் என்று வாப்பாவிடம் சொன்னேன். குரல் நடுங்கத்தான் செய்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் கேட்டார்கள். வரன் பேச்சு இன்னும் முடியவில்லை.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! நாம் எல்லாரும் இஸ்மத் ஆக முடியாது. நீதிமன்றம் ஏறவும் வேண்டாம். நம் வீட்டில் ஒரு பெண் தலை குனிந்து பேசாதிருந்தால், இன்னொரு முறை கேட்போம். வகுப்பில் ஒருவரின் நடையையும் குரலையும் கண்டு சிரிப்பு எழுந்தால், அதில் சேராதிருப்போம். பேருந்து நிலையத்தில் யாரேனும் பெயர் சொல்லி அழைத்தால், திரும்பிப் பார்ப்போம். அடுத்த முறை கடலூர் போகும்போது நான் அவளைத் தேடிப் பார்க்கப் போகிறேன்.