சுழியும் முடிவிலியும்

கும்பகோணத்துப் பள்ளியொன்றில் வகுத்தல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்றே என விளக்கினார் ஆசிரியர். உடனே ஒரு மாணவன் எழுந்து, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஈவு ஒன்றுதானா என வினவினான். வாழ்க்கை வரலாற்று நூல்கள் வழிவழியாகக் கூறிவரும் இந்நிகழ்ச்சியின் நாயகரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவ்வினா எளியதன்று. சுழியை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழியே வரும். ஆதலால் எந்த எண்ணையும் அங்கு ஈவாகக் கொள்ளலாம். இதனைத் தேறப்பெறாத வடிவம் என்பர். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்து, வந்ததை அவ்வெண்ணைவிட 3 குறைந்த எண்ணால் வகுப்போம். அவ்வெண் 3 எனில் மேலும் சுழி, கீழும் சுழி. ஆனால் 3.1 எனில் ஈவு 6.1, 3.01 எனில் 6.01. எண் 3-ஐ நெருங்க நெருங்க ஈவு 6-ஐ நெருங்குகிறது. அந்த 6-தான் எல்லை. வர்க்கத்திற்குப் பதில் கனத்தையும், 9-க்குப் பதில் 27-ஐயும் கொண்டால் எல்லை 27 ஆகிவிடும். வடிவம் ஒன்றே, மதிப்போ வேறு. சுழியை அணுகும் வழியே விடையைத் தருகிறது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் நாட்டமின்றிக் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், தேர்வுகளிலும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். மாத ஊதியம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் தம் கண்டுபிடிப்புகளைக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அவரது அழைப்பை ஏற்று 1914-இல் இங்கிலாந்து சென்றார்.

அங்கு இருவரும் எண் பிரிவினையை ஆராய்ந்தனர். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். எண் வளர வளர இவ்வகைகளும் வரம்பின்றிப் பெருகும். அவ்வளர்ச்சிக்கு ஈடாக அவர்கள் வகுத்த வாய்பாடும் முடிவிலியை நோக்கிச் செல்லும். முடிவிலியை முடிவிலியால் வகுப்பதும் தேறப்பெறாத வடிவமே. எனினும், அவ்விரண்டின் விகிதத்திற்கு எல்லை ஒன்று என 1918-இல் வெளியான ஆய்வுரையில் நிறுவினர். வாய்பாட்டை மேலும் நுண்மையாக்கி, ஆறு உறுப்புகளைக் கொண்டு 100-க்குக் கணித்தபோது 19,05,69,291.996 கிடைத்தது. மேக்மகான் தனியே கணக்கிட்டுத் தந்த உண்மை விடையோ 19,05,69,292!

அவ்வாண்டே இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பிய அவர், படுக்கையிலும் கணிதத்தைக் கைவிடவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தபோது அவருக்கு வயது 32. ஈவு ஒன்றுதானா எனச் சிறுவயதில் ஐயுற்றவர், அதற்கு இணையான வடிவமொன்றில் விடை ஒன்றே என நிறுவிக் காட்டிச் சென்றார்.