கம்பத்தைத் தொடாமல் நடக்க முடியாத அகராதி மேதை: ‘லேசான’ ஓசிடிக்கு டாக்டரைப் பார்க்கணுமா?

குற்றாலத்தில் சீசன். சாரல் அடிக்கிறது, ஐந்தருவியில் தண்ணீர் நல்லா விழுது என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். தென்காசியில் இருக்கும் உங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தாச்சு. தெருமுனை தாண்டியதும் ஒரு சந்தேகம்: கேஸை மூடினோமா? திரும்பி வந்து பார்த்தால் மூடித்தான் இருக்கிறது. மறுபடி கிளம்பினால், இப்போது பூட்டு மேல் சந்தேகம்.

இதுக்கெல்லாமா டாக்டரிடம் போவாங்க? இந்தக் கேள்வி உங்களுக்கு இருந்தால், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் பிறந்த ஒருவரின் கதை உதவும். பெயர் சாமுவேல் ஜான்சன். ஆங்கில அகராதி என்றாலே நினைவுக்கு வரும் அதே ஜான்சன்தான்.

யார் இந்த ஜான்சன்?

1709-ல் லிச்ஃபீல்டு என்ற ஊரில், புத்தக வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தையிலேயே கழலை நோய் வந்து பார்வை மங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார், பணம் இல்லாமல் சுமார் ஓர் ஆண்டிலேயே படிப்பை விட்டார். பிறகு லண்டன் வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1746-ல் அகராதி வேலையில் இறங்கினார். ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, 40,000-க்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் எழுதி 1755-ல் வெளியிட்டார். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்றதும் அதே ஆண்டில்தான்.

இவ்வளவு பெரிய அறிவாளிக்கு, ஒரு வாசலைக் கடப்பது பெரிய பாடாக இருந்தது.

வாசலும் கம்பமும்

குறிப்பிட்ட இடத்திலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடி வைத்து, சரியான கால் முதலில் படும்படி வாசலைத் தாண்ட வேண்டும். தப்பிவிட்டால் பின்னால் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பார். தெருவில் நடக்கும்போது ஓரத்துக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். ஒன்று விட்டுப்போனால் திரும்பி வந்து தொடுவார். பார்வையற்ற தோழி ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும்போதும், படிக்கட்டு வந்தால் அவர் கையை விட்டுவிடுவார். இல்லையென்றால் அவரையும் சேர்த்துச் சுழற்றிவிடுவார்.

முகமும் உடலும் தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுக்கும். 1735-ல் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் வேலைக்கு முயன்றார். இந்த முகச் சுளிப்பு மாணவர்களையும் பாதிக்கும் என்று நினைத்து நிர்வாகம் மறுத்துவிட்டது.

டூரெட் சிண்ட்ரோமும் அதோடு சேர்ந்த ஓசிடி பழக்கங்களும் இவருக்கு இருந்திருக்கலாம் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கணிப்பு. இறந்தவருக்கு நோயை உறுதி செய்ய முடியாது என்பதால், இது கணிப்பு மட்டுமே.

உதவி கேட்டார், மனம் நொந்தார்

ஜான்சன் உதவியே தேடவில்லை என்று சொல்ல முடியாது. இருபது வயதில் கடும் மனச்சோர்வு தாக்கியபோது, தன் நிலைமை முழுவதையும் லத்தீன் மொழியில் எழுதி, தன் ஞானத்தந்தையான மருத்துவர் ஸ்வின்ஃபெனிடம் கொடுத்தார். எழுத்து நடையில் அசந்துபோன அந்த மருத்துவர், அதை மற்றவர்களிடமும் காட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஜான்சன் நொந்துபோனார். அந்த உறவு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

தனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை. ஆனால் அதைப் பெரும்பாலும் மறைத்தே வாழ்ந்தார். அந்த வாசல் சடங்கு ஏன் என்று நண்பர்கள் யாரும் அவரிடம் கேட்கத் துணியவில்லை என்று, அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார்.

1766-ல் நிலைமை மோசமானது. ஹென்றி திரேல், ஹெஸ்டர் திரேல் தம்பதி அவர் வீட்டுக்கு வந்தபோது, மனம் உடைந்த நிலையில் இருந்தார். அவரைத் தங்கள் ஸ்ட்ரெத்தம் வீட்டுக்கு அழைத்துப் போய் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டார்கள். தன் பயத்தை ஹெஸ்டரிடம் மனம் விட்டுச் சொன்னார். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த வீடு அவருக்கு இன்னொரு வீடாகவே இருந்தது. 1784-ல் 75 வயதில் இறந்தார். பழக்கங்கள் முழுதாகப் போகவில்லை, ஆனால் தனியாகச் சுமக்க வேண்டியது குறைந்தது.

அப்போ நான் போகணுமா, வேண்டாமா?

மேசையைச் சுத்தமாக வைத்திருப்பது ஓசிடி இல்லை. பூட்டை இரண்டாவது தடவை பார்ப்பதும் இல்லை. உங்களையே இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

* இந்த எண்ணங்களும் செயல்களும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறதா? மருத்துவர்கள் பார்க்கும் முக்கியமான அளவுகோல்களில் இது ஒன்று.
* நேரம் குறைவாக இருந்தாலும், மனசைப் படுத்தி எடுக்கிறதா?
* ஆபீஸுக்கு லேட், பாதியில் நிற்கும் வேலை, தவிர்க்கும் இடங்கள் என்று வாழ்க்கை சுருங்குகிறதா?
* பூட்டியாச்சா என்று வீட்டில் இருப்பவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களா?

ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் ஒருமுறை பேசிப் பார்ப்பதில் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால், கவனித்துக்கொண்டு இருந்தாலே போதும். சில மாதங்களில் பழக்கம் வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சிகிச்சை என்றதும் மாத்திரைதான் என்று நினைக்க வேண்டாம். லேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சையே முதலில் போதுமானதாக இருக்கலாம். பூட்டை ஒரே தடவை பூட்டிவிட்டு, திரும்பிப் போகாமல், அந்தப் பதற்றத்தோடு இருந்து பழகும் பயிற்சி அது. சிறிய பயத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்பதை மூளை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது. திரும்பிப் போய்ச் சரிபார்க்கும் ஒவ்வொரு தடவையும் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறோம். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

ஊர்ல தெரிஞ்சிடுமே?

ஜான்சனுக்கு நடந்தது நமக்கும் நடந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இன்று நிலைமை வேறு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, வெளியே சொல்லக் கூடாது.

நேரில் போகத் தயக்கமா? மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க விரும்பினால், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஜான்சனின் காலத்தில் இந்தப் பழக்கங்களுக்குப் பெயரும் இல்லை, சிகிச்சையும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. அடுத்த சீசனுக்குள் ஒரு போன் பண்ணிப் பாருங்கள். அருவியில் நிற்கும்போது பூட்டு ஞாபகம் வந்தாலும், வீட்டுக்கு ஓடாமல் நிதானமாகக் குளித்துவிட்டு வரலாம்.