வெயில் கூடியிருக்குனு எப்படித் தெரியும்? இந்தியாவின் வெயிலை அளந்த அன்னா மணியின் கதை

புதுக்கடை ஜங்ஷனில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இப்போதெல்லாம் கடைசியில் வெயிலில்தான் வந்து நிற்கிறது. ரப்பர் பால் வெட்டுகிறவர், மழை காலம் தப்பிப் பெய்யுதுனு வருத்தப்படுவார். பக்கத்துத் தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறவர், 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கொண்டுபோன ஆட்களைப் பற்றிச் சொல்வார். அங்கேயே இன்னொருத்தர் இருப்பார். அந்தக் காலத்திலும் இப்படித்தான் காய்ந்தது, எல்லாம் டிவிக்காரங்க கிளப்புறதுனு அடித்துப் பேசுவார்.

இதில் யார் சொல்வது சரி? ஞாபகத்தை வைத்து முடிவு பண்ண முடியாது. போன வருஷ வெயிலையே நாம் சரியாக நினைவு வைத்திருப்பதில்லை. பல வருஷத்து அளவு வேணும். அதுவும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கருவியில், ஒரே முறையில் எடுத்த அளவாக இருக்கணும். சுதந்திர இந்தியாவில் அந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அன்னா மணி.

கம்மலுக்குப் பதில் கலைக்களஞ்சியம்

1918 ஆகஸ்ட் 23-ல் பீர்மேட்டில் பிறந்தார். அன்றைக்கு பீர்மேடும் நம்ம விளவங்கோடு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய் எஸ்டேட்டும் இருந்தது. வசதியான குடும்பம். ஆனால் ஆண் பிள்ளைகளுக்குப் பெரிய வேலை, பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்பதுதான் வீட்டுக் கணக்கு. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக் கம்மல் வந்தது. அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேணும்னு கேட்டு வாங்கிக்கொண்டார். வைக்கம் போராட்டத்தின்போது காந்தி வந்துபோன பிறகு கதருக்கு மாறினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ். 1940-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.ராமனின் ஆய்வகம். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி வெளிவிடுகின்றன என்பது ஆராய்ச்சி. ஒரு படத் தகட்டில் ஒளி பதிய 15, 20 மணி நேரம் ஆகும். அதனால் பல ராத்திரி ஆய்வகத்திலேயே தூக்கம். தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. கடைசிவரை அவர் டாக்டர் அன்னா மணி ஆகவில்லை. அதை அவர் பெரிதாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. படிக்கிற நமக்குத்தான் கோபம் வருகிறது.

அரை டிகிரி பிசகினால் என்ன?

அதே வருஷம் அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். ஆசை இயற்பியல் மேல்தான். கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. 1948-ல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது சாதாரண தெர்மாமீட்டர்கூட பிரிட்டனிலிருந்துதான் வரணும். அவரும் சக ஊழியர்களும் கிட்டத்தட்ட 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே தயாரிக்க வழி செய்தார்கள்.

கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் இதைப் பாருங்க. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் உயர்ந்தது சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. நூறு வருஷத்துக்கும் மேல் நடந்த மாற்றமே அவ்வளவுதான். ஒரு ஊரில் தெர்மாமீட்டர் அரை டிகிரி தப்பாகக் காட்டினால், அந்த மாற்றத்தில் பெரும்பகுதி பிழைக்குள் மறைந்துபோகும். வெயில் நேராகப் படும் இடத்தில் கருவியை வைத்தாலும் இதே கதைதான். அதனால்தான் காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். தப்பான அளவை வைத்திருப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அன்னா மணியின் நிலைப்பாடு. இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க அமைத்தார். விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால், 1963-ல் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் இந்தியக் கருவியை உருவாக்கியதிலும் அவர் பங்கு பெரியது.

ஓசோன்னு சொன்னதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஓசோன் குறைந்தால் புறஊதாக் கதிர் அதிகமாக உள்ளே வரும். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதில் வரும் கார்பன் டை ஆக்சைடு. அதேபோல, புவி வெப்பமயமாதலைக் கண்டுபிடித்தவரே அன்னா மணிதான்னு வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க. அவர் செய்தது அளவை ஒழுங்குபடுத்திய வேலை.

ரிட்டையர் ஆன பிறகு

1976-ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். வீட்டில் உட்காரவில்லை. இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்ற தரவுக் கையேட்டை 1980-ல் வெளியிட்டார். சோலார் பேனல் நம்ம ஊர் மாடிக்கு வர இன்னும் பல வருஷம் இருந்த காலம் அது. அடுத்து காற்று. நாட்டின் பல இடங்களில் காற்றின் வேகத்தை அளந்து தொகுத்தார். பெங்களூரில் இதற்கான கருவிகள் செய்யும் சிறு நிறுவனமும் நடத்தினார்.

புதுக்கடையிலிருந்து நாகர்கோவில் தாண்டிப் போனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றுதான் அவற்றைச் சுற்றுகிறது. காற்றாலையை இஷ்டத்துக்கு எங்கேயும் நட முடியாது. எந்த மாதம், எந்த உயரத்தில், எவ்வளவு வேகம் என்ற கணக்கு முதலில் கையில் இருக்கணும்.

1994-ல் பக்கவாதம் வந்து முடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2001 ஆகஸ்ட் 16-ல், 83-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திருவனந்தபுரத்தில் காலமானார்.